உடம்புக்கு ஏத்த சைக்கிள்... மேஜர் டெய்லர் முன்னால் தள்ளி வெச்ச ஹேண்டில்பார்!

ஆசைப்பட்டு ரோடு பைக் வாங்கியாச்சு. முதல் ஞாயிற்றுக்கிழமை 40 கிலோமீட்டர் போய்ட்டு வந்தா கழுத்து பிடிச்சுக்குது, உள்ளங்கை மரத்துப்போகுது. ஃப்ரேம் சைஸ் சரிதான்னு கடைக்காரர் அடிச்சுச் சொல்றார். அப்போ தப்பு எங்கே? ஹேண்டில்பாரையும் ஃபோர்க்கையும் இணைக்கிற சின்ன உலோகத் துண்டு ஒண்ணு இருக்கே, ஸ்டெம்... முதல்ல அதைச் சந்தேகப்படுங்க. விரல் நீளம்தான் இருக்கும். ஆனா, அதுல ஒரு சென்டிமீட்டர் கூடினாலும் குறைஞ்சாலும் நீங்க உட்கார்ற விதமே மாறிடும்.

இதை 120 வருஷத்துக்கு முன்னாடியே தன் உடம்பை வெச்சுப் புரிஞ்சுக்கிட்டவர் மார்ஷல் வால்டர் டெய்லர். உலகத்துக்கு அவர் ‘மேஜர்’ டெய்லர். ராணுவத்துல இருந்தவரானு கேட்டா, இல்லவே இல்லை.

1878, நவம்பர் 26-ல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரத்தில் ஓர் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா கில்பர்ட், சவுதார்ட் என்ற பணக்கார வெள்ளையர் வீட்டில் குதிரை வண்டி ஓட்டினார். அந்த வீட்டுப் பையன் டேனியலுக்கு விளையாட்டுத் துணையாகப் போனான் மார்ஷல். நல்ல உடை, நல்ல படிப்பு, கூடவே ஒரு சைக்கிளும் கிடைத்தது. அந்தக் குடும்பம் சிகாகோவுக்கு இடம் மாறியபோது, மகனை அனுப்ப அம்மாவுக்கு மனசில்லை. பையன் வீடு திரும்பினான், சைக்கிளோடு.

அப்புறம் ஒரு சைக்கிள் கடையில் வேலை. கடை வாசலில் ராணுவ உடுப்பு மாட்டிக்கொண்டு சைக்கிளில் வித்தை காட்டிக் கூட்டம் சேர்க்க வேண்டும். ‘மேஜர்’ பட்டம் வந்தது அந்த உடுப்பால்தான். அதே ஊரில் ஒய்.எம்.சி.ஏ ஜிம்முக்குள் அவனுக்கு அனுமதி இல்லை. வெள்ளைக்கார நண்பர்கள் உள்ளே உடற்பயிற்சி செய்ய, மாடத்தில் நின்று பார்க்கத்தான் முடிந்தது. காரணம், தோல் நிறம்.

லூயிஸ் மங்கர் என்ற முன்னாள் ரேஸர் இந்தப் பையனைக் கவனித்தார். சொந்தமாக சைக்கிள் தயாரித்தவர். 1895-ல் டெய்லரைத் தன்னோடு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரத்துக்கு அழைத்துப் போனார். அங்கே ஜார்ஜ் ஸ்ட்ரீட்னு செங்குத்தா ஒரு ஏத்தம் இருக்கு. டெய்லர் அதில்தான் ஏறி ஏறிப் பழகினார். அடுத்த வருஷமே, 18 வயதில், நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஆறு நாள் ரேஸ். தூக்கம் கெட்டு 1,732 மைல் ஓட்டி, எட்டாவது இடம். ஆனா, அவர் பலம் அது இல்லை. கடைசி சில நூறு மீட்டரில் புயலாகப் பாய்கிற ஸ்பிரின்ட்தான் அவர் ஏரியா.

இனி நம்ம ஸ்டெம் விஷயம். டெய்லரோட பழைய போட்டோக்களைத் தேடிப் பாருங்க. முதுகு மேசை மாதிரி தட்டையா இருக்கும். வேகம் கூடக்கூட காற்றோட எதிர்ப்பு வேகத்தின் இரு மடி கணக்கில் ஏறும். அதனால குனிஞ்சாகணும். ஆனா, ஹேண்டில்பார் கிட்டத்துல இருந்தா, குனியும்போது முழங்காலும் முழங்கையும் இடிச்சுக்கும், முதுகு கூன் போடும், நெஞ்சு அமுங்கி மூச்சு முட்டும். டெய்லர் பயன்படுத்தின ஸ்டெம்ல, ஃபோர்க்குக்கு மேலேயிருந்து ஒரு கம்பி முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கும். ஹேண்டில்பார் அந்தக் கம்பி மேல முன்னும் பின்னும் நகரும். வேண்டிய இடத்துல நிறுத்தி போல்ட்டை முறுக்கிட வேண்டியதுதான். பழைய சைக்கிள் சேகரிக்கிறவங்க இன்னிக்கும் அந்த வகையை மேஜர் டெய்லர் ஸ்டெம்னுதான் சொல்றாங்க. சில பைக் ஃபிட்டிங் ஸ்டுடியோக்களில் உங்களுக்கு அளவு பார்க்க நீளம் மாத்தக்கூடிய ஸ்டெம் மாட்டுவாங்களே, அதுவும் இதே ஐடியாதான்.

அவரைப் பார்த்து நீங்களும் நீளமான ஸ்டெம்மா வாங்கிடாதீங்க. அவர் ஓட்டினது ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம் நடக்கிற டிராக் ரேஸ். நீங்க போறது மூணு மணி நேர ரைடு. முதல்ல சீட் உயரத்தையும், சீட் முன்னே பின்னே இருக்கும் இடத்தையும் பெடலுக்கு ஏத்த மாதிரி சரிபண்ணுங்க. கை எட்டலைங்கிறதுக்காக சீட்டை முன்னால தள்ளினா, பிரச்னை முழங்காலுக்குப் போயிடும். அதுக்கப்புறம்தான் ஸ்டெம். பிரேக் லீவர் மேல இருக்குற ரப்பர் பிடியைப் பிடிச்சு ஓட்டும்போது முழங்கை லேசா மடங்கியிருக்கணும். கை விறைச்சு நீண்டு, நீங்க சீட் நுனிக்கு வழுக்கிக்கிட்டே வந்தா ஸ்டெம் நீளம். தோள் குறுகி, ஹேண்டில் தொட்டதுக்கெல்லாம் துள்ளினா குட்டை. ரோடு பைக்ல பெரும்பாலும் 80 மி.மீ-லிருந்து 120 மி.மீ வரைதான் வரும். மாத்துறதா இருந்தா ஒவ்வொரு தடவையும் 10 மி.மீ மாத்தி, நாலு ரைடு போய்ப் பாருங்க. 60 மி.மீ போட்டாதான் சரியா வருதுன்னா, என்னைக் கேட்டா ஃப்ரேமே பெருசுனுதான் சொல்வேன்.

டெய்லர் சைக்கிளைத் தன் உடம்புக்கு ஏத்தபடி மாத்திக்கிட்டார். டிராக்கில் கூட ஓட்டினவங்களை அப்படி மாத்த முடியலை. பல ரேஸ்களில் வெள்ளை ரேஸர்கள் கூட்டணி போட்டு அவரைச் சுற்றி வளைத்து அடைத்தார்கள். 1897-ல் டான்டன் நகரில் ரேஸ் முடிந்ததும், அவருக்குப் பின்னால் வந்த பெக்கர் என்ற ரேஸர் அவரைக் கீழே தள்ளி, மயங்கும்வரை கழுத்தை நெரித்தார். அதே வருஷம் தென் மாநிலங்களில் ரேஸ் நடத்தியவர்கள் அவருடைய பெயரையே ஏற்கவில்லை. புள்ளிகள் போய், சாம்பியன் பட்டமும் கைநழுவியது.

1899 ஆகஸ்ட், மான்ட்ரியல். ஒரு மைல் ஸ்பிரின்ட்டில் உலக சாம்பியன் ஆனார் டெய்லர். சைக்கிளில் உலகப் பட்டம் வென்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான். அடுத்த வருஷம் அமெரிக்க ஸ்பிரின்ட் சாம்பியன்.

ஐரோப்பா கூப்பிட்டது, காசை அள்ளிக் கொடுப்பதாகச் சொன்னது. டெய்லர் ஒரு நிபந்தனை வைத்தார்: ஞாயிற்றுக்கிழமை ஓட்ட மாட்டேன். ரேஸ் நடத்துபவர்களுக்கு வசூல் நாளே ஞாயிறுதான். கடைசியில் அவர்கள்தான் இறங்கி வந்தார்கள். 1901 மே மாதம், பாரிஸில் பிரான்ஸின் செல்லப்பிள்ளை எட்மான்ட் ஜாக்லினுடன் மோதல். குளிரான நாள், தோல்வி. பதினொரு நாள் கழித்து அதே டிராக்கில் மறுபடி மோதி ஜெயித்தார். பிறகு ஆஸ்திரேலியாவிலும் ஓட்டினார். 1904-ல் மகள் அங்கேதான் பிறந்தாள். பிறந்த ஊரின் பெயரே அவள் பெயரில் சேர்ந்தது: ரீட்டா சிட்னி.

1910-ல், 32 வயதில் ஓய்வு. சம்பாதித்த பணம் தொழில் முதலீடுகளில் கரைந்தது, உடம்பும் கெட்டது. சொந்தச் செலவில் தன் வாழ்க்கைக் கதையைப் புத்தகமாகப் போட்டு, சிகாகோவில் வீடு வீடாகப் போய் விற்றார். மனைவி டெய்சியைப் பிரிந்து, தனியாக ஒய்.எம்.சி.ஏ விடுதியில் தங்கியிருந்தார். ஆமாம், சின்ன வயதில் ஜிம் வாசலில் நிறுத்திய அதே ஒய்.எம்.சி.ஏ; இது கறுப்பினத்தவருக்கென்று தனியாகக் கட்டிய கிளை.

1932, ஜூன் 21-ல் இலவச மருத்துவமனை வார்டில் இறந்தார். வயது 53. உடலைக் கேட்டு யாரும் வரவில்லை. பெயர்ப் பலகைகூட இல்லாத ஏழைகள் குழியில் புதைத்தார்கள். 1948-ல் பழைய ரேஸர்கள் சிலர், சைக்கிள் கம்பெனி முதலாளி ஃபிராங்க் ஷ்வின் கொடுத்த பணத்தில், அவரைத் தோண்டியெடுத்து அதே கல்லறைத் தோட்டத்தில் வேறொரு நல்ல இடத்தில் அடக்கம் செய்து, பெயர் பொறித்த பலகை வைத்தார்கள்.