ஐயரும் தன்னம்பிக்கையும்

எமர்ஸனின் வியாசங்களை இந்நாளில் கையில் எடுப்பவர் பலர், பத்துப் பக்கம் தாண்டுமுன் புத்தகத்தை மூடிவிடுகின்றனர். ஒரு வாக்கியத்திற்கும் அடுத்ததற்கும் தொடர்பு தெரியவில்லை, சொன்னதற்குக் காரணமும் காட்டவில்லை என்பது அவர்கள் கூறும் குறை. வேறு சிலர் உத்தியோக உயர்வுக்கும் பொருளீட்டலுக்கும் வழி சொல்லும் நூல்களோடு அவற்றையும் சேர்த்துவைத்து மகிழ்கின்றனர். இவ்விரு சாராரும் எமர்ஸனைப் படித்தவராகார் என்பது நமது அபிப்பிராயம். படிக்கும் முறையை அறிய விரும்புவோர், அவருடைய வியாசமொன்றைத் தன்னம்பிக்கை என்ற பெயரால் தமிழாக்கித் தந்த ஸ்ரீ வ.வே.ஸு. ஐயரின் வாழ்க்கையை, சிறப்பாகப் புதுச்சேரியில் அவர் கழித்த பத்தாண்டுகளை, நோக்குவது நலம்.

எமர்ஸன் 1803-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிற் பிறந்தவர். கிறிஸ்தவ சபையொன்றில் குருவாயிருந்தார். தம் மனச்சாட்சி ஒப்பாத ஒரு சடங்கை நடத்த மனமின்றி, 1832-ல் அப்பதவியை உதறினார். பின்னர் கான்கார்ட் என்னும் சிற்றூரில் வசித்து, 1841-ல் தம் வியாசங்களின் முதல் தொகுதியை வெளியிட்டார். புலன்களுக்கும் நூல்களுக்கும் அப்பாற்பட்ட உண்மையை மனிதன் தன் உள்ளத்திலேயே நேராகக் காணலாம் என்பது அவருடைய கூட்டத்தாரின் கொள்கை. அவரும் அவர் நண்பர் தோரோவும் நம் கீதையை ஆங்கிலத்தில் ஆர்வத்தோடு கற்றவர்கள். இதை எண்ணி நாம் பெருமை கொள்வது இயல்பே. ஆனால் அவர்கள் நம்மிடம் பெற்றதைக் காட்டிலும், அவர்களிடம் பெற்றதை நம்மவர் என்ன செய்தனர் என்பதே இங்கு கேள்வி.

ஐயர் 1881 ஏப்ரல் 2-ஆம் தேதி திருச்சிராப்பள்ளியை அடுத்த வரகனேரியில் பிறந்தார். எமர்ஸன் காலமானது அதற்கு அடுத்த ஆண்டில். திருச்சியில் கல்வி கற்று, வக்கீல் தொழிலில் இறங்கி, ரங்கூன் சென்று, அங்கிருந்து பாரிஸ்டர் பட்டத்திற்காக லண்டன் சேர்ந்தார். அங்கே இந்தியா ஹவுஸில் ஸாவர்க்கரின் தோழரானார். படிப்பு முடிந்தும் ராஜ விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்து, பட்டத்தைத் துறந்தார். கைக்கெட்டிய செல்வத்தை ஒரு சொல்லுக்காக விட்டவர் என்று இவரைச் சொல்லலாம். 1910-ல் ஸாவர்க்கர் கைதானதும், வேஷம் மாறி ஐரோப்பாவிலிருந்து தப்பி, அவ்வாண்டிலேயே பிரெஞ்சு ஆதிக்கத்திலிருந்த புதுச்சேரியை அடைந்தார்.

அங்கே பாரதியார் 1908 முதலும், அரவிந்தர் 1910 ஏப்ரல் முதலும் வசித்து வந்தனர். புதுவையின் எல்லையைத் தாண்டினால் சிறை; எல்லைக்குள்ளேயோ தெருத்தோறும் பிரிட்டிஷ் ஒற்றர். ஐயர் இளைஞர்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி அளித்தார் என்பதும், 1911 ஜூன் 17-ல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சி அவரிடம் பயின்றவர் என்பதும் பலரும் அறிந்த செய்தி. தன் உள்ளமே தனக்குச் சாட்சி என்ற கொள்கை, பழுத்தவனை ஞானியாக்கும். பதற்றமுள்ளவனை வேறு வழியிலும் செலுத்தும். இவ்வபாயத்தை மறைத்துவிட்டு எமர்ஸனைப் புகழ்வது நேர்மையாகாது.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. அன்னியர் புதுவையில் தங்குவதற்கு ஊர்ப் பிரமுகர் ஐவர் ஜாமீன் நிற்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது, சங்கர செட்டியார் முதலானோர் துணிந்து உதவினர். சுதேசிகள் தப்பினர். ஆகவே தன்னம்பிக்கை என்பது தனிமை அன்று. தன் காலில் நிற்பவனுக்கும் நிற்க ஓரிடம் வேண்டும். அந்த இடத்தைத் தருபவர் அயலாரே. எமர்ஸன் அதிகம் பேசாத இவ்வுண்மையைப் புதுச்சேரி நமக்குப் போதிக்கிறது.

ஐரோப்பிய மகாயுத்த காலத்தில், சுதேசிகளைப் புதுவையிலிருந்து வெளியேற்றும்படி பிரிட்டிஷார் பிரெஞ்சுக்காரரை நெருக்கினர். எந்நாளும் கப்பலேற்றப்படலாம் என்ற அந்நிலையில், ஐயர் திருக்குறள் முழுவதையும் ஆங்கிலத்தில் பெயர்த்து முடித்தார். அது 1916-ல் வெளிவந்தது. குறளில் ஊறிய உள்ளத்திற்கு எமர்ஸன் நடை கடினமாய்த் தோன்றியிராது. அவருடைய வாக்கியங்கள் குறட்பாக்களைப் போலத் தனித்தனியே நிற்பவை; ஒன்றைப் படித்து, நின்று, தன் வாழ்க்கையோடு ஒத்துப் பார்த்தபின் அடுத்ததற்குச் செல்ல வேண்டியவை. கதையைப் போல ஒரே மூச்சில் ஓட நினைப்பவருக்கே அவை தொடர்பற்றனவாகத் தோன்றும்.

தோரோ, அடிமை முறையைக் காக்கும் அரசாங்கத்திற்கு வரி செலுத்த மறுத்து, 1846-ல் ஓர் இரவு சிறையிலிருந்தவர். அதுபற்றி அவர் எழுதிய வியாசத்தைக் காந்தியடிகள் 1907-ல் தென்னாப்பிரிக்காவில் தம் பத்திரிகையின் மூலம் பரப்பினார். கான்கார்டிலிருந்து புறப்பட்ட இவ்விரண்டாம் நீரோட்டத்திலும் ஐயர் கலந்தார். 1920-ல் தடை நீங்கி வெளிவந்தவர், ஆயுதத்தை மறந்து அஹிம்ஸையை ஏற்றார். தேசபக்தன் பத்திரிகையை நடத்தினார். பல்லாரிச் சிறைக்கும் சென்றார். அங்கே கம்பராமாயண ஆராய்ச்சியை ஆங்கிலத்தில் எழுதினார்.

இனிக் கூறுவது வருத்தந் தரும் பகுதி, எனினும் விடத்தக்கதன்று. 1922-ல் அவர் தொடங்கிய தமிழ்க் குருகுலம் பின்னர் சேரன்மாதேவியில் நடந்தது. தமிழ்நாட்டுக் காங்கிரஸின் பொருளும் பொதுஜனங்களின் நன்கொடையும் அதற்குக் கிடைத்தன. அங்கே பிராமணச் சிறுவர் இருவர், பெற்றோரின் வற்புறுத்தலால் தனியே உண்ண ஐயர் இடங்கொடுத்தார். டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஸ்ரீ ஈ.வெ. ராமசாமியும் கண்டித்தனர். அவர்கள் கண்டனம் நியாயமானது. தம்மளவில் அவ்வேற்றுமையைப் பாராட்டாதவர் ஐயர்; ஆயினும் பெற்றோருக்குக் கொடுத்த வாக்கைக் காக்க எண்ணினார். சக்கரவர்த்தியின் பேரால் பிரமாணம் செய்ய மறுத்தவருக்கு, நம்பி வந்த இரு குடும்பத்தாருக்கு மறுப்புக் கூற இயலவில்லை. விவாதம் மாகாணமெங்கும் மூண்டது. அவர் பொறுப்பிலிருந்து விலகினார்.

பகைவன் முன் தன்னம்பிக்கை காட்டுவது அரிது. நம்மவர் முன் காட்டுவது அதனினும் அரிது. எமர்ஸன் உதறியது அன்னியரின் சபையை அன்று, தம் சொந்தச் சபையை. அவ்வியாசத்தின் கூர்மை இங்கேதான் இருக்கிறது. அதைத் தமிழில் தந்த பெருமகனே அவ்விடத்தில் தடுக்கினார் என்றால், நமக்கு அது எத்தனை கடினம் என்பதை உணர வேண்டும். ஏளனத்திற்கு இங்கே இடமில்லை.

1925 ஜூன் 3-ஆம் தேதி, பாபநாசம் அருவியில் நீரில் விழுந்த மகளைக் காக்கப் பாய்ந்து, மகளோடு தாமும் மாண்டார். அப்பொழுது அவருக்கு வயது நாற்பத்து நான்கு. யாரையும் கேளாமல், எதையும் எண்ணாமல், உள்ளம் ஏவிய கணத்தில் செய்த செயல் அது.

எமர்ஸனைப் படிக்க எண்ணும் அன்பர்கள் ஐயரின் வாழ்க்கையை அருகில் வைத்துக்கொண்டு படிப்பாராக. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் நின்று, நம் வீட்டார்க்கும் நம் கட்சியார்க்கும் நம் ஜாதியார்க்கும் நாம் சொல்ல அஞ்சி நிற்கும் மறுமொழி எது என்று தம்மையே கேட்பாராக. அக்கேள்விக்கு விடை காணும் வரையில், அவ்வியாசத்தை நாம் படித்து முடித்தோம் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.