இசையாசிரியர்களின் ஆசிரியர்

திருவண்ணாமலையை ஞானசம்பந்தரும் நாவுக்கரசரும் பாடினர். அவ்வூரில் வாழ்ந்த அருணகிரிநாதர் சந்தம் துள்ளும் திருப்புகழை வழங்கினார். பஞ்சபூதத் தலங்களுள் நெருப்புக்கு உரிய அத்தலத்து இறைவன்மீது முத்துசுவாமி தீட்சிதர் சாரங்க இராகத்தில் கீர்த்தனை இயற்றினார். இவ்வாறு ஊர்தோறும் பிறந்த பாடல்கள் ஏட்டைவிடக் குரலையே மிகுதியும் நம்பி வாழ்ந்தன. ஓதுவார் பாட இளையோர் கேட்டனர். கேட்டதைத் திரும்பப் பாடினர். குருவின் இல்லத்தில் ஆண்டுக்கணக்கில் தங்கிப் பயின்ற மாணவரும் இவ்வழியே கற்றனர்.

இம்முறை ஆழமானது, ஆனால் அதன் வாயில் குறுகியது. ஒரு குருவிடம் சிலரே பயில முடிந்தது. பிறப்பும் பொருளும் இடந்தந்தோர்க்கே அவ்வாயில் திறந்தது. பெண்களுள் பலருக்கு அது மூடியே இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பள்ளிகள் பெருகியபோது புதிய வினா ஒன்று எழுந்தது. ஒருவருக்கு ஒருவர் ஊட்டிய கலையை நாற்பது பிள்ளைகள் அமர்ந்த வகுப்பறையில் கற்பிக்க இயலுமா? இவ்வினாவுக்கு விடை காண்பதில் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி.

1901ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள் பிறந்த இவர், சட்டம் பயின்று பட்டம் பெற்றவர். எனினும் வழக்குமன்றத்தைவிட இசையே அவர் உள்ளத்தை ஈர்த்தது. வயலினும் புல்லாங்குழலும் அவருக்குக் கைவந்தன. சென்னைக் கடற்கரையை நோக்கி நிற்கும் இராணிமேரிக் கல்லூரியில் இசை விரிவுரையாளராக அவர் பணியேற்றார். பெண்கள் உயர்கல்வி பெறுவதே அரிதாயிருந்த காலத்தில், அவர்கள் இசையை ஒரு பாடமாகக் கற்றுத் தேர்வெழுதும் நிலை உருவாயிற்று. அவர்களுள் சிலரேனும் நாளைய ஆசிரியர்கள் என்பதால், அவ்வகுப்பில் விதைத்தது பல வகுப்புகளில் முளைக்கக்கூடியதாக இருந்தது.

அக்காலம் இசைக்கல்விக்குத் திருப்புமுனையான காலம். 1927இல் சென்னையில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டின் பயனாக மறு ஆண்டு மியூசிக் அகாதெமி தோன்றியது. இசையாசிரியர்களை உருவாக்குவதற்கென்றே 1931இல் அவ்வமைப்பு ஒரு கல்லூரியைத் தொடங்கியது. பாடகரை உருவாக்குவது வேறு, பாடம் சொல்லுவோரை உருவாக்குவது வேறு என்னும் தெளிவு பிறந்துவிட்டது.

சாம்பமூர்த்தி அத்தெளிவைத் தம் பணியாகவே ஏற்றார். ஆண்டு முழுவதும் வகுப்பில் நிற்கும் ஆசிரியருக்குப் பயிலும் நேரம் வாய்ப்பது கோடை விடுமுறையில்தான். மாணவருக்கும் அஃதே ஓய்வுக் காலம். அப்பருவத்தைப் பயனுள்ளதாக்கும் வகையில் அவர் சென்னையில் கோடைக்கால இசைப்பள்ளி நடத்தினார். இசை கற்பித்தல் குறித்துத் தனிநூலும் எழுதினார். பயிற்சிப் பாடங்களை எளியதிலிருந்து அரியதற்குப் படிப்படியாக அடுக்கிப் பாடநூல்களாக வெளியிட்டார்.

பாடிக் கற்பிக்கும் முறையில் ஒழுங்கு இன்றியமையாதது. முதலில் சுருதி ஒலிக்கும். பிள்ளைகள் ஆதார சட்ஜத்தில் குரலை நிறுத்துவர். பின்னர் மாயாமாளவகௌளை இராகத்தில் சரளி வரிசை தொடங்கும். ஆசிரியர் ஓர் அடியைப் பாட, வகுப்பு அதனைக் கேட்டுப் பாடும். கை ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையைப் போட, அதே வரிசை மூன்று காலங்களிலும் செல்லும். சரளி, சண்டை, அலங்காரம் ஆகியவற்றைக் கடந்த பின்னரே கீதம் வரும். செவி பிடித்ததைக் கண் பின்னர்ச் சுரக்குறிப்பில் காணும். குறிப்பு நினைவுக்குத் துணை. குரலுக்கு மாற்று அன்று.

இதற்கு எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. கமகத்தின் நுட்பத்தைத் தாளில் அடைக்க முடியாது என்றும், கூட்டமாகப் பாடுவோரிடம் ஒவ்வொரு குரலின் பிழையும் மறைந்துவிடும் என்றும் வித்துவான்கள் பலர் அஞ்சினர். அவ்வச்சம் பொருளற்றதன்று. ஆயின் பள்ளி இசையின் நோக்கம் எல்லாரையும் மேடைக் கலைஞராக்குவதன்று. சுருதியும் தாளமும் உணரும் செவியை எல்லார்க்கும் தருவதே அதன் நோக்கம். நல்ல இசையை அறிந்து சுவைப்போர் பெருகினால்தான் கலைஞரும் வாழ்வர்.

1930களின் தொடக்கத்தில் சாம்பமூர்த்தி ஜெர்மனியின் மியூனிக் நகருக்குச் சென்று மேலை இசையையும் இசையியலையும் பயின்றார். ஏறத்தாழ அதே காலத்தில் ஹங்கேரி நாட்டில் சோல்தான் கோடாய் என்னும் இசையறிஞர், குழந்தைக்கு வாய்த்த முதற்கருவி அதன் குரலே என்றும், தாய்மொழியின் நாட்டுப்பாடலிலிருந்தே இசைக்கல்வி தொடங்க வேண்டும் என்றும் வலியுறுத்தி வந்தார். அக்கொள்கை வழியிலான இசைத் தொடக்கப்பள்ளி 1950இல் அவர் பிறந்த கெச்கெமேட் நகரில் தொடங்கப்பட்டது. கடல்கள் இடைப்பட்டும், குரலே முதல் என்னும் உண்மையில் இரு மரபுகளும் ஒன்றுபடுகின்றன.

தாயகம் திரும்பிய பேராசிரியர், பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறையின் தலைவராக விளங்கினார். தென்னிந்திய இசை குறித்து ஆங்கிலத்தில் ஆறு தொகுதிகள் எழுதினார். இசை, இசைவாணர் பற்றிய அகராதியைத் தொகுத்தார். தியாகராசரின் நௌகா சரித்திரம் என்னும் இசைநாடகத்தைப் பதிப்பித்தார். 1971இல் பத்மபூஷண் விருது அவரை வந்தடைந்தது. 1973ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் அவர் மறைந்தார்.

பல்கலைக்கழகங்களில் இசை இன்று பட்டப்படிப்பாக நிலைபெற்றுள்ளது. எனினும் இசையாசிரியர் இல்லாத பள்ளிகள் இன்னும் பல உள்ளன. நூல் அச்சில் ஏறிவிட்டது, பாடத்திட்டமும் வகுக்கப்பட்டுவிட்டது. ஆனால் முதல் அடியைப் பாடிக் காட்ட ஒரு குரல் வகுப்பறைக்குள் வந்தாலன்றிப் பிள்ளைகள் வாய் திறவார். அக்குரலுக்கு உரியவரை ஆயத்தம் செய்வதே தலையாய பணி என்பதைச் சாம்பமூர்த்தியின் வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது.