கப்பலுக்கு லட்சங்கள், கடைசியில் 347 ரூபாய்: வ.உ.சி. வாழ்க்கையில் ஊர்ப் பணம்

வ.உ.சி. என்றதும் கப்பலும் செக்கும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அவரோட போராட்டங்களுக்குக் காசு எங்கிருந்து வந்தது? அவர் கஷ்டப்பட்டப்போ அந்தக் காசு எங்கே போச்சு?

கப்பலுக்குப் பணம் போட்டது யார்?

1872 செப்டம்பர் 5-ல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வக்கீல் வ.உ.சிதம்பரம் பிள்ளை. தூத்துக்குடி - கொழும்பு கடல்வழியில் ஆங்கிலேய நிறுவனத்தின் பிடியை உடைக்க, 1906-ல் சுதேசி கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய். ஹாஜி முகமது பக்கீர் சேட் மட்டும் 2 லட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கினார். பாண்டித்துரைத் தேவர் தலைவரானார்.

மில் தொழிலாளர்களுக்கு?

1908 பிப்ரவரி 27. தூத்துக்குடி கோரல் மில்லில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையை நிறுத்தினார்கள். குறைந்த கூலி, நீண்ட வேலை நேரம், வார விடுமுறையும் கிடையாது. அன்றாடக் கூலியில் வாழுறவங்க எத்தனை நாள் தாங்குவாங்க? நிர்வாகம் நம்பியது அந்தப் பசியைத்தான். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் ஊரில் நிதி திரட்டினார்கள். வேலையிழந்தவர்களுக்கு உதவியும் மாற்று வேலையும் கிடைத்தன. ஒன்பதே நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது: கூலி உயர்வு, ஞாயிறு விடுமுறை.

ஓட்டுரிமை எட்டாக்கனியாக இருந்த காலம் அது. கூட்டம் கூடுவது, பேசுவது, வேலையை நிறுத்துவது - சாமானியர்கள் கையில் இருந்தது இவ்வளவுதான். அதைக் காப்பாற்றியது ஊர் கொடுத்த அரிசியும் காசும்.

அப்புறம் என்ன ஆச்சு?

தாமிரபரணிக் கரைக் கூட்டங்களில் பேசியவர் மார்ச் 12-ல் கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. கடைகள் மூடின, அரசு அலுவலகங்கள் எரிந்தன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் இறந்தார்கள். வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைந்தாலும், சிறையில் செக்கு இழுத்தார். 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது.

1912 டிசம்பரில் வெளியே வந்தப்போ வரவேற்கக் கூட்டமில்லை. வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகச் சேர்த்த பணம் காந்தியிடம் இருந்தது. குடும்பம் நடத்தவே திண்டாடியவர், அதைக் கேட்டு 1915-ல் கடிதம் எழுத ஆரம்பித்தார். கடிதங்கள் போய்வந்து, 1916-ல்தான் கைக்கு வந்தது: 347 ரூபாய் 12 அணா. 1936 நவம்பர் 18-ல் மறைந்தார்.

இன்றைக்கு இது ஏன் முக்கியம்?

போராட்டம் சூடாக இருக்கும்போது நிதி சேர்ப்பது சுலபம். கைது, வழக்கு, வேலையிழப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான் வரும்; வருஷக்கணக்கில் இழுக்கும். உள்ளூர் உரிமைப் போராட்டத்துக்குக் காசு கொடுக்க நினைப்பவர்கள், அந்த வருஷங்களுக்கும் கொஞ்சம் எடுத்து வைக்க வேண்டும். கோரல் மில்லுக்கு நேரத்தில் வந்த உதவி, வ.உ.சி.க்கு அப்படி வரவில்லை.