தீனபந்து ஆண்ட்ரூஸ்: சஞ்சி முறையை முடித்துவைத்த மனிதர்

நம் சங்கத்தின் பொன்விழாவில், கடல் கடந்து வந்த நம் முன்னோரை நினைக்கிறோம். அவர்களில் பலர் வணிகம் செய்ய வந்தார்கள், சிலர் துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தார்கள். அதே கப்பல்களில் சஞ்சிக் கூலிகளாக வந்தவர்களும் இருந்தார்கள். பினாங்குக்கு எதிர்க்கரையில் இருந்த கரும்புத் தோட்டங்களுக்கு அவர்கள் ஒப்பந்தத்தில் கட்டுண்டு போனார்கள். மலாயாவுக்கு அவ்வாறு ஆள் அனுப்புவது 1910இல் நின்றது. பிஜித் தீவுகளில் மேலும் பத்தாண்டு நீடித்தது. அதை முடித்துவைக்கப் பாடுபட்டவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் ஓர் ஆங்கிலேயர். அவர் சார்லஸ் ஃப்ரியர் ஆண்ட்ரூஸ்.

1871 பிப்ரவரி 12இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஒரு சமயபோதகரின் மகனாகப் பிறந்தார். கேம்பிரிட்ஜில் படித்தார். தென் லண்டனின் ஏழைக் குடியிருப்புகளில் சில காலம் ஊழியம் செய்தார். 1904இல் டெல்லி புனித ஸ்டீபன் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். அக்கல்லூரியின் முதல்வர் பதவிக்கு இடம் ஏற்பட்டபோது, அது இந்தியரான சுசில் குமார் ருத்ராவுக்கே உரியது என்று வாதாடினார். 1906இல் ருத்ரா முதல்வரானார்.

டெல்லியில் அவர் தேடிப்போய்ப் பழகிய பெரியவர்களில் ஒருவர் முஸ்லிம் அறிஞர் மௌலவி ஜக்காவுல்லாஹ். 1910இல் மறைந்த அப்பெரியவரின் வாழ்க்கையை ஆண்ட்ரூஸ் பிற்காலத்தில் ஒரு நூலாக எழுதினார். அது 1929இல் வெளிவந்தது.

1913இல் தென்னாப்பிரிக்காவின் நெட்டாலில், ஒப்பந்தம் முடிந்த இந்தியர்கள் மீது விதிக்கப்பட்ட 3 பவுன் தலைவரியை எதிர்த்து, சுரங்கத்திலும் தோட்டத்திலும் வேலை செய்தவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களில் தமிழர் மிகுதி. கோகலேயின் வேண்டுகோளை ஏற்று ஆண்ட்ரூஸ், நண்பர் பியர்சனுடன் 1914 ஜனவரியில் டர்பனில் போய் இறங்கினார். துறைமுகத்திலேயே குனிந்து காந்தியின் பாதம் தொட்டார். அங்கிருந்த வெள்ளையர் கொதித்துப் போனார்கள். காந்திக்கும் அமைச்சர் ஸ்மட்ஸுக்கும் இடையே பேச்சு முறியாமல் காத்ததில் அவருக்குப் பங்குண்டு. அந்நாட்களில்தான் இங்கிலாந்தில் அவருடைய தாயார் காலமானார். அவ்வாண்டே தலைவரி ரத்தானது.

அடுத்த ஆண்டு, 1915இல், இருவரும் பிஜிக்குப் புறப்பட்டார்கள். 1879 முதல் 1916 வரை சுமார் 60,000 பேர் அங்கே கொண்டுபோகப்பட்டனர். 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் போயின. நாம் சஞ்சி என்றதை அவர்கள் 'கிர்மிட்' என்றார்கள். அக்ரிமென்ட் என்ற ஆங்கிலச் சொல் மருவி வந்த பெயர் அது.

அங்கே ஆண்ட்ரூஸ் கரும்புத் தோட்ட லயங்களுக்குள் நுழைந்து பார்த்தார். ஓர் அறை 10 அடிக்கு 7 அடி. மணமாகாத ஆண்கள் மூவருக்கு ஓர் அறை. ஒரு குடும்பத்துக்கும், பிள்ளைகள் உட்பட, அதே அளவுதான். 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்ற விகிதத்தில் ஆள் சேர்த்ததால் குடும்ப வாழ்வே குலைந்திருந்தது. தற்கொலைகள் மிகுந்திருந்தன.

கூலி நாளுக்கு ஒரு ஷில்லிங். ஊரில் சில அணாக்களே கண்டவனிடம், நாளுக்கு 12 அணா கிடைக்கும் என்று ஆள்பிடிப்பவன் சொன்னபோது அது பெருந்தொகையாகத் தோன்றியது. பிஜியில் அரிசி என்ன விலை என்று அவன் சொல்லவில்லை. அன்றைக்குக் குறித்த வேலையை முடித்தால்தான் முழுக்கூலி என்பதையும் சொல்லவில்லை.

இவை எல்லாவற்றையும்விட ஆண்ட்ரூஸ் உறுதியாகச் சுட்டிக்காட்டியது வேறொன்று. வேலைக்கு வராததும் அனுமதியின்றித் தோட்டத்தை விட்டு வெளியேறுவதும் அங்கே குற்றங்கள். அபராதமும் சிறையும் உண்டு. ஐந்தாண்டு முடியும்வரை விலகிப்போக வழியில்லை. இலவசமாக ஊர் திரும்பவோ பத்தாண்டு காத்திருக்க வேண்டும். லயத்தைப் பெரிதாக்கினாலும் கூலியைச் சற்று உயர்த்தினாலும் இந்தக் கட்டு அவிழாது. ஆகவே இம்முறையைத் திருத்தக் கூடாது, ஒழிக்கவே வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு.

இருவரின் அறிக்கை 1916 பிப்ரவரியில் வெளிவந்தது. அடுத்த மாதமே சட்டசபையில் மாளவியா ஒழிப்புத் தீர்மானம் கொண்டுவந்தார். வைசிராய் ஹார்டிஞ்ச் பிரபு கொள்கையளவில் ஒப்புக்கொண்டார். எல்லாரும் வேலை முடிந்தது என்றே நினைத்தார்கள். ஆனால் அந்த வாக்குறுதியில் தேதி இல்லை. மாற்று ஏற்பாடு ஆகும்வரை, இன்னும் ஐந்தாண்டுக்கு ஆள் சேர்ப்பு தொடரலாம் என்ற செய்தி பிறகு கசிந்தது. ஆண்ட்ரூஸ் மீண்டும் ஊர் ஊராகப் புறப்பட்டார். காந்தி நாள் குறித்துக் கேட்டார். பெண்கள் தூதுக்குழு ஒன்று வைசிராய் செம்ஸ்ஃபோர்டை நேரில் கண்டது. 1917 மார்ச்சில், போர்க்கால விதியின் கீழ், ஆள் அனுப்புவது நிறுத்தப்பட்டது.

ஆனால் ஏற்கெனவே போனவர்கள் இன்னும் கட்டுண்டே இருந்தார்கள். அதே ஆண்டில் அவர் இரண்டாம் முறை பிஜிக்குப் போனார். ஆஸ்திரேலியாவிலும் பேசி அங்குள்ள பெண்கள் அமைப்புகளின் ஆதரவைத் திரட்டினார். 1920 ஜனவரி முதல் நாள், எஞ்சியிருந்த ஒப்பந்தங்கள் அனைத்தும் ரத்தாயின. மக்கள் அவரைத் தீனபந்து, அதாவது எளியோரின் உறவினர், என்றே அழைத்தார்கள்.

அவர் குறையற்றவர் அல்லர். லயத்துப் பெண்களின் ஒழுக்கத்தைப் பற்றி அவர் எழுதியவை கடுமையானவை. அவர்களை அந்நிலைக்குத் தள்ளியவர்களைவிட அவர்கள்மீதே பழி விழும்படி அவை அமைந்தன என்று பின்வந்த ஆய்வாளர்கள் குறை கூறியுள்ளனர். அக்குறை நியாயமானதே.

பிஜியோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. 1921இல் அசாம் தேயிலைத் தோட்டங்களை விட்டு வெளியேறி சாந்த்பூரில் சிக்கிக்கொண்ட தொழிலாளர்களிடையே காலரா பரவியபோது அங்கே போய் நின்றார். 1925இலும் 1927இலும் அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரசின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1940 ஏப்ரல் 5இல் கல்கத்தாவில் மறைந்தார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அவருடைய வாழ்வை இம்மலரில் நாம் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. நம்மில் பலர் இன்று முதலாளிகள். நம் உணவகங்களின் அடுப்படியிலும் கிடங்குகளிலும் வேறு நாடுகளிலிருந்து வந்த ஊழியர்கள் நிற்கிறார்கள். அவர்களின் கடப்பிதழ் யார் கையில் இருக்கிறது? கையெழுத்திட்ட தாளை அவர்கள் தங்கள் மொழியில் படித்தார்களா? ஊரில் முகவர் சொன்ன சம்பளமும் இங்கே கையில் விழும் சம்பளமும் ஒன்றுதானா? வேலை பிடிக்கவில்லை என்றால் அச்சமின்றி வாய்திறந்து சொல்ல முடியுமா? கொடுக்கிறோம், செய்கிறோம் என்று நாம் சொல்பவற்றுக்கு நாள் குறித்திருக்கிறோமா?

நம் பாட்டனார்களில் சிலருக்கு இந்தக் கேள்விகளைக் கேட்க ஆளில்லை. நம் கடையில் வேலை செய்பவருக்காக அவற்றை நாமே கேட்டுக்கொள்வோம்.