நூலகத்தை வகுப்பறையாக்கிய கணித ஆசிரியர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

ஞானசம்பந்தர் பிறந்த சீர்காழியில் 1892ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பிறந்தவர் எஸ். ஆர். அரங்கநாதன். ஆகஸ்டு 12ஆம் நாள் தேசிய நூலகர் நாளாகக் கொண்டாடப்படுவது அவர் நினைவாகத்தான். இந்திய நூலகவியலின் தந்தை என்று அவரைப் போற்றுகிறோம். ஆனால் அவர் நம்மைப் போல் கணிதம் படித்தவர், கணிதம் கற்பித்தவர். நூலகத்துக்குள் அவர் விரும்பி நுழையவும் இல்லை.

ஆறு வயதில் தந்தையை இழந்தார். பேச்சில் திக்குவாய் வேறு. சீர்காழியில் பள்ளிப் படிப்பை முடித்துச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்தார். 1916இல் கணிதத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். எட்வர்டு ராஸ் என்னும் பேராசிரியர் அங்கு அவருக்குக் குருவாக வாய்த்தார். சைதாப்பேட்டையில் ஆசிரியப் பயிற்சி பெற்று, 1917இல் மங்களூர் அரசுக் கல்லூரியில் கணித ஆசிரியரானார். பிறகு கோவை, அதன்பின் சென்னை மாநிலக் கல்லூரி. குறிப்புச் சொல்லி எழுத வைப்பதைவிட மாணவரே தேடிக் கண்டறியும்படி செய்வதில் அவருக்கு நாட்டம் அதிகம்.

அந்நாளில் சென்னைப் பல்கலைக்கழகம் தன் நூலகத்துக்கு ஒரு நூலகரைத் தேடியது. ஏறத்தாழ 900 பேர் விண்ணப்பித்தனர். அரங்கநாதன் விண்ணப்பித்ததற்குக் காரணம் நூலகக் காதல் அன்று. கல்லூரிச் சம்பளம் போதவில்லை. நேர்முகத் தேர்வுக்கு முன் கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்துக்கொண்டு போனதுதான் அவர் பெற்றிருந்த நூலகப் பயிற்சி! இருந்தும் அவரே தேர்வானார். 1924 ஜனவரியில் பொறுப்பேற்றார்.

ஒரு வாரம்கூட நிலை கொள்ளவில்லை. மாணவர் கூட்டத்தில் பழகியவருக்கு ஆளரவமற்ற அந்த அறை சிறையாகத் தோன்றியது. பழைய வேலையைத் திருப்பித் தரும்படி மாநிலக் கல்லூரி முதல்வரிடமே சென்று கேட்டார். முதலில் இலண்டன் சென்று நூலகவியல் பயின்று வரட்டும், அதன் பிறகும் மனம் ஒட்டாவிட்டால் வகுப்பறைக்குத் திரும்பலாம் என்பது முதல்வர் சொன்ன ஏற்பாடு. அந்த முதல்வர் அன்று இசைந்திருந்தால் நாட்டுக்கு இன்னொரு நல்ல கணிதப் பேராசிரியர் கிடைத்திருப்பார், அவ்வளவுதான்.

இலண்டனில் அவரை மாற்றியது பாடத்தைவிட, கண்ணால் கண்ட காட்சி எனலாம். ஏறத்தாழ நூறு நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். சிறுவர், தொழிலாளர், இல்லத்தரசியர் என்று எல்லாரும் வந்து போகும் இடமாக அங்கே நூலகம் இருந்தது. ஆனால் நூல்களை வகைப்படுத்தும் முறை அவருக்கு நிறைவளிக்கவில்லை. பழைய முறையில் ஒவ்வொரு பொருளுக்கும் முன்கூட்டியே ஓர் எண் கட்டி வைத்திருப்பார்கள். புதிய துறை பிறந்தால் இடம் இராது. ஒரு நாள் பெரிய கடையொன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுச் சாமான் கண்ணில் பட்டது. அதே சில தகடுகள், சக்கரங்கள், திருகாணிகள். அவற்றை மாற்றி மாற்றிப் பூட்டினால் வேறு வேறு பொம்மைகள். நூலின் பொருளையும் இப்படி உறுப்புகளாகப் பிரித்து, வேண்டியபடி இணைத்து எண் கட்டினால் என்ன? இணைக்கும் திருகாணியாக முக்காற்புள்ளியை வைத்தார். கோலன் பகுப்புமுறை பிறந்த கதை இதுதான். 1925இல் ஊர் திரும்பும் வழியில் கப்பல் நூலகத்திலேயே அதைச் சோதித்துப் பார்த்தாராம். 1933இல் நூலாக வந்தது. நாட்டின் நூலகங்களில் பெரும்பாலானவை இன்றும் அமெரிக்கரான தியூயியின் முறையையே பின்பற்றுகின்றன என்பது வேறு செய்தி. ஆயினும் கணிதம் படிக்கும் என் போன்றோர்க்கு அரங்கநாதன் முறையே அழகாகத் தெரிகிறது.

திரும்பியவர் கணிதத்தைக் கேட்கவில்லை. பல்கலைக்கழக நூலகத்தின் அடுக்குகளைப் படிப்பவர்க்குத் திறந்துவிட்டார். தேடி வருவோர்க்கு உதவுவதற்கென்றே ஆட்களை அமர்த்தினார். நூலக நேரத்தை நீட்டினார். 1931இல் வெளியான நூலில் ஐந்து விதிகளாகத் தம் கொள்கையை வகுத்தார். முதல் விதி மிக எளியது: நூல் இருப்பது பயன்படுவதற்காக, பாதுகாக்கப்படுவதற்காக அன்று என்பதே அதன் கருத்து. இதைப் போய் ஒரு விதி என்று சொல்ல வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். வேண்டும். நான் படித்த கிராமத்துப் பள்ளியில் நூலகம் என்பது ஒரு கண்ணாடி பீரோ. ஆண்டாய்வின்போது திறப்பார்கள். மற்ற நாளெல்லாம் கண்ணாடி வழியே நூல்களின் முதுகைத்தான் படித்தோம். பொறுப்பாசிரியரைக் குறை சொல்வதற்கில்லை. நூல் தொலைந்தால் அவர் கையிலிருந்து கட்ட வேண்டும். வீட்டில் காலண்டரைத் தவிர அச்சடித்த தாள் இல்லாத பிள்ளைகளுக்கு அந்தப் பூட்டு என்ன செய்தது என்பதை யார் கணக்கெடுத்தார்கள்? திறந்து வைத்தால் சில நூல்கள் தொலையத்தான் செய்யும், அடைத்து வைத்தால் எல்லா நூல்களுமே தொலைந்தவைக்குச் சமம் என்ற நோக்குடையவர் அரங்கநாதன்.

இதனால்தான் அவர் பல்கலைக்கழகத்தோடு நிற்கவில்லை. 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றக் காரணமாக இருந்தார். அடுத்த ஆண்டே அச்சங்கம் கோடைக்கால நூலகப் பயிற்சி தொடங்கியது. 1931இல் மன்னார்குடி அருகே மேலவாசலிலிருந்து மாட்டு வண்டியில் நூல்கள் ஊர் ஊராகப் போயின. அது கனகசபைப் பிள்ளையின் முயற்சி, இயக்கத்தின் காற்று அவ்வளவு தூரம் வீசியிருந்தது. பள்ளி, கல்லூரி நூலகங்கள் பற்றி மட்டுமே 1942இல் ஒரு நூல் எழுதினார். பள்ளி நூலகர் காவற்காரர் அல்லர், ஆசிரியர். வகுப்பில் பிறக்கும் கேள்வி நூலகத்தில்தான் வளர வேண்டும் என்பது அவர் கொள்கை. 1957இல் பல்கலைக்கழக மானியக் குழு அமைத்த நூலகக் குழுவுக்குத் தலைமை ஏற்றபோது, நூலகர்க்கு ஆசிரியர்க்கு இணையான தகுதியும் ஊதியமும் வேண்டும் என்று பரிந்துரை செய்ய வைத்தார். தாம் சம்பளத்துக்காக வந்த வேலை என்பதை அவர் மறந்திருக்கமாட்டார் போலும்.

நூலகச் சட்டத்துக்காக அவர் காத்திருந்தது நெடுங்காலம். 1930இல் காசியில் நடந்த கல்வி மாநாட்டில் மாதிரிச் சட்டத்தை முன்வைத்தார். 1933இல் சென்னைச் சட்டமன்றத்துக்கு வந்த மசோதா நிறைவேறவில்லை. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948இல்தான் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. நம் வீட்டு வரி ரசீதில் நூலக வரி என்று ஒரு சிறு தொகை இருக்கிறதே, அது அச்சட்டத்தின் வழி வந்தது. ஊர் நூலகங்களுக்கு அதனால் வருவாய் உறுதியாயிற்று. பள்ளி பீரோவுக்கு அப்படி ஒரு வரி இல்லை.

1945இல் சென்னையை விட்டுக் காசி இந்துப் பல்கலைக்கழகம் சென்றார். அங்கு ஏறத்தாழ 1 லட்சம் நூல்களைத் தனியொருவராகவே வகைப்படுத்தினார். பிறகு டில்லி, சூரிச், உஜ்ஜயினி. கடைசியில் பெங்களூரில் 1962இல் ஆவணவியல் ஆராய்ச்சி பயிற்சி மையத்தை நிறுவினார். தம் சேமிப்பிலிருந்து 1 லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அளித்து, மனைவி சாரதா பெயரால் நூலகவியல் பேராசிரியர் பதவி ஒன்றை ஏற்படுத்தினார்.

1972 செப்டம்பர் 27ஆம் நாள் பெங்களூரில் காலமானார். அப்போது அவர் கையில் இருந்த நூல் மறு ஆண்டு வெளிவந்தது. அது வகைப்பாட்டைப் பற்றியதன்று. புதிய கல்வியையும் பள்ளி நூலகத்தையும் பற்றி, அரை நூற்றாண்டு அனுபவத்தை வைத்து எழுதியது.