வாத்தும் பூனையும் காட்டிய வழி

வால்டர் கேனன் 1871-இல் அமெரிக்காவில் இரயில்வே ஊழியர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 14 வயதில் தந்தை அவரைப் பள்ளியிலிருந்து நிறுத்தி இரயில்வே அலுவலகத்தில் சேர்த்துவிட்டார். ஈராண்டு கழித்தே மீண்டும் படிப்பு!

1896-இல் ஹார்வர்டில் முதலாண்டு மருத்துவ மாணவரான அவரிடம், முந்திய ஆண்டு ராண்ட்ஜன் கண்ட எக்ஸ் கதிரால் சீரணத்தை ஆராயுமாறு பேராசிரியர் பௌடிச் கூறினார். அக்கதிர் எலும்பைக் காட்டும்; இரைப்பையைத் தெளிவாகக் காட்டாது. எனவே கேனன் கதிரை மறிக்கும் பிஸ்மத் உப்பை வாத்துக்கும் பூனைக்கும் உணவோடு ஊட்டினார். உணவு போகும் வழியெல்லாம் திரையில் நிழலாகத் தெரிந்தது. பூனை கலவரமுற்றால் இரைப்பையின் அசைவே நின்றுவிட்டது. கோபத்தோடு உண்ணாதே என்னும் நம் பாட்டிமார் எக்ஸ் கதிரைக் கண்டவர்களா என்ன?

பிற்காலத்தில் பிஸ்மத்தின் இடத்தைப் பேரியம் சல்பேட் பிடித்தது. கரையும் பேரியம் உப்புகள் நஞ்சு. இதுவோ கரையாது, குருதியில் சேராது, மலத்தோடு வெளியேறிவிடும். கீழ்க்கட்டளையில் என் தாயார் இச்சோதனைக்குப் பின் வெள்ளையாகக் கழிவதைக் கண்டு அஞ்சினார். எங்கள் ஆய்வுக்கூடத்தில் வெண்ணிற வீழ்படிவாக நாங்கள் காணும் பொருளே அது என்றும், நீர் குறைந்தால் குடலில் இறுகும், நிறையப் பருகினால் ஓரிரு நாளில் போய்விடும் என்றும் விளக்கினேன்.

கேனன் 1945-இல் மறைந்தார். இளமையில் போதிய காப்பின்றிக் கதிரின் முன் நின்றதே அவருடைய நோய்க்குக் காரணம் எனக் கருதப்படுகிறது.