ஆர்தர் காட்டன்

சர் ஆர்தர் தாமஸ் காட்டன் (மே 15, 1803 – ஜூலை 24, 1899) பிரித்தானிய இந்தியாவில் பணியாற்றிய நீர்ப்பாசனப் பொறியாளர் ஆவார். காவிரி, கோதாவரி ஆகிய ஆறுகளின் கழிமுகப் பாசனத்தைச் சீரமைத்தவர். ஆற்றுநீருடன் வரும் மணல் எங்கே படிகிறது, அதை எவ்வாறு வெளியேற்றுவது என்ற சிக்கலுக்குக் காவிரியில் இவர் கண்ட தீர்வு குறிப்பிடத்தக்கது.

இளமை

இங்கிலாந்தில் பிறந்த காட்டன், தம் 15ஆம் அகவையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அடிசுகோம்பு படைப்பள்ளியில் சேர்ந்தார். 1819 இல் சென்னைப் பொறியாளர் படையில் நியமனம் பெற்று, 1821 இல் இந்தியா வந்தார். முதலாம் பர்மியப் போரிலும் பங்கேற்றார்.

காவிரியில் மணல் சிக்கல்

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்குக் கிளையான கொள்ளிடம் சரிவு மிகுந்தது. ஆகவே நீரின் பெரும்பகுதி அதன் வழியே சென்றது. தெற்குக் கிளையான காவிரியில் நீரோட்டத்தின் வேகம் தணிந்தது. வேகம் குறைந்த நீரால் மணலைச் சுமந்து செல்ல இயலாது. பருமணல் முதலில் அடியில் தங்கும், நுண்ணிய வண்டல் மட்டுமே வயல்வரை செல்லும். இவ்வாறு காவிரியின் படுகை மேடிட, நீர்வரத்து மேலும் குறைந்தது. தஞ்சை நிலங்கள் பாசனம் இழக்கும் நிலை உருவானது.

1804 இல் கேப்டன் கால்டுவெல் (பேராயர் கால்டுவெல் அல்லர்) இப்பகுதியை ஆராய்ந்தார். அவரது பரிந்துரைப்படி கல்லணையின் உயரம் கூட்டப்பட்டது. ஆயினும் சிக்கல் தீரவில்லை. 1828 இல் காவிரிப் பாசனத்தை ஆராயும் பொறுப்பு காட்டனுக்கு அளிக்கப்பட்டது.

மணற்போக்கிகளும் மேலணையும்

காட்டன் கல்லணையில் மணற்போக்கி மதகுகளை அமைத்தார். இவற்றின் வாய்கள் படுகையை ஒட்டித் தாழ்வாக இருக்கும். வெள்ளக் காலத்தில் திறந்தால், அடிமட்டத்தில் விரைந்து பாயும் நீர் படிந்த மணலை அரித்துக் கொள்ளிடத்துக்குள் தள்ளிவிடும்.

1836 இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையும், அதே ஆற்றில் கீழே அணைக்கரையில் கீழணையும் கட்டப்பட்டன. மேலணையால் காவிரிக்கு நீர் பெருகியது. ஆனால் விளைவு எதிர்பார்த்ததை விஞ்சியது: காவிரியின் படுகை அரிக்கப்பட்டு ஆழமானது, கொள்ளிடத்தின் படுகை மேடிட்டது. எனவே 1840களில் மேலணையின் ஒரு பகுதி தாழ்த்தப்பட்டது. காவிரியின் வாயில் படுகையைக் காக்கும் தளச்சுவர் எழுப்பப்பட்டது. மணலை முற்றிலும் நீக்குவதன்று, இரு கிளைகளுக்கிடையே சமநிலை காப்பதே தேவை என்பதை இது காட்டியது.

கோதாவரி

கல்லணையைக் கட்டிய பழந்தமிழர் மணற்படுகையில் கற்களை இட்டு, அவை அமிழ்ந்து நிலைகொண்ட பின் மேலே கட்டியதைக் காட்டன் கண்டறிந்தார். தளர்ந்த மணலில் கடைக்கால் இடும் இம்முறையைத் தவுளேசுவரத்தில் பின்பற்றினார். 1847 இல் தொடங்கிய அணைக்கட்டு 1852 இல் நிறைவுற்றது. 1833 இல் பெரும் பஞ்சத்தைக் கண்ட கோதாவரிக் கழிமுகம் வளம் பெற்றது.

கருத்து வேறுபாடுகள்

இருப்புப்பாதைகளைவிட, பாசனத்துக்கும் படகுப் போக்குவரத்துக்கும் பயன்படும் கால்வாய்களே இந்தியாவுக்கு ஏற்றவை என்று காட்டன் வாதிட்டார். 1878 இல் பிரித்தானிய நாடாளுமன்றக் குழுவின் முன் இதற்கு விளக்கம் அளிக்க வேண்டியிருந்தது. இவர் ஆதரித்த கர்னூல்–கடப்பா கால்வாய்த் திட்டம் இழப்பில் முடிந்து, 1882 இல் அரசின் வசமானது.

இறுதிக்காலமும் பின்னரும்

1861 இல் சர் பட்டம் பெற்ற காட்டன், இங்கிலாந்தின் டார்க்கிங் நகரில் தம் 96ஆம் அகவையில் காலமானார். தவுளேசுவரத்தில் பிற்காலத்தில் கட்டப்பட்ட தடுப்பணை இவர் பெயரைத் தாங்கியுள்ளது.

1934 இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட பின், காவிரி கொண்டுவரும் வண்டலின் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடுகிறது. ஆகஸ்ட் 22, 2018 அன்று வெள்ளத்தில் முக்கொம்பு மேலணையின் 9 மதகுகள் உடைந்தன. அதன் பின் அருகில் புதிய கதவணை கட்டப்பட்டது.